டிஸ்ப்ளே வரவில்லை, தானாக அணைகிறது: வீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் கோளாறு எங்கே என்று பிடிப்பது

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றதும் பலர் வாயில் முதலில் வருவது, "மதர்போர்டு போயிடுச்சு." பெரும்பாலும் போயிருக்காது. சரியாக உட்காராத ராம், செருக மறந்த எட்டு பின் கேபிள், தப்பான இடத்தில் மாட்டிய மானிட்டர் வயர், எர்த் இல்லாத பிளக் பாயின்ட் என்று காசே ஆகாத காரணங்கள்தான் அதிகம்.

பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்விடலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒன்று, ஆன்லைனில் இரண்டு என்று பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தவருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி பில், தனி வாரண்டி. "கம்ப்யூட்டர் ஓடல" என்று சொன்னால் எந்தக் கடையும் வாங்கிக்கொள்ளாது. "இந்த ராம் குச்சி எந்த ஸ்லாட்டில் போட்டாலும் எரர் காட்டுகிறது" என்று சொன்னால் வாங்கிக்கொள்ளும். ஆகவே கோளாறு எந்தப் பாகத்தில் என்று பிடிப்பது உங்கள் வேலை.

அதற்கு ஒரே ஒரு ஒழுங்கு போதும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், உடனே ஆன் செய்து பாருங்கள். ராமைக் கழற்றி மாட்டி, கூடவே மதர்போர்டின் பட்டன் செல்லையும் எடுத்து, பயாஸையும் (போர்டைக் கிளப்பும் உள் மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது. பத்து நாளில் அதே கோளாறு திரும்ப வந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், வெள்ளை அழிரப்பர், பேப்பர் கிளிப், காலி பென் டிரைவ், போன் டார்ச் இருந்தால் போதும். உள்ளே கை வைக்கும் முன் பவர் கார்டைப் பிடுங்கி, கேபினட்டின் பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை, அதாவது எல்லா பாகங்களுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அதன் பெரிய கெபாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் இருக்கும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? யுஎஸ்பி செருகும்போது விரலில் கூசுகிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ் உள்ளேயும் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் உடம்பு 230-இன் பாதியில், அதாவது 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைச் சாய்க்காது. ஆனால் யுஎஸ்பி போர்ட்டையும் எச்டிஎம்ஐ போர்ட்டையும் காலி செய்யும்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று துளைகளையும் அளந்து பார்க்கலாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். மின்சாரத்தில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது. எர்த் வயரே இழுக்காத பழைய வீடுகளில் ஸ்பைக் பஸ்டர் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் பலன் பாதிதான்.

கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் வீட்டு இன்வெர்ட்டரைத் திருப்பி அதன் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் வருவது நின்றபின் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரை வைத்துத் தாக்குப்பிடிப்பது 16 மில்லி நொடி போலத்தான். நார்மல் மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் விஏ கணக்கை வாட்ஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யுபிஎஸ் தாங்குவது 360 வாட்ஸ். கேம் ஓடும்போது மட்டும் அது கீச்சிட்டு அணைந்தால் காரணம் அதுதான்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சிறு சுவிட்ச் கோடு பக்கம் இருக்கிறதா, வட்டம் பக்கமா? சிரிக்காதீர்கள், இதில் அரை நாளைத் தொலைத்தவர்கள் நிறைய.

அடுத்து கேபினட் பட்டனையே சந்தேகப்படுங்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில், முன்பக்க வயர்கள் வந்து சேரும் இடத்தில் இரண்டு வரிசைப் பின்கள் இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் 6, 8 எண் பின்கள் பவர் சுவிட்ச். 5, 7 ரீசெட். 10-ஆம் இடம் காலியாக இருக்கும். காலி இடத்தை அடையாளமாக வைத்து எண்ணி, கையேட்டிலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, வயரை உருவி, 6-ஐயும் 8-ஐயும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். கிளம்பினால் பட்டன்தான் கெட்டது. ரீசெட் பட்டன் வயரை எடுத்து அங்கே மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ரீசெட் பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, போர்டைக் கிளம்பவே விடாமல் செய்வதும் உண்டு.

அப்போதும் கிளம்பவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, எல்லா பாகங்களிலிருந்தும் கேபிள்களைக் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரை அதன் கொக்கி மேலே இருக்கும்படியும் துளைகள் உங்களைப் பார்க்கும்படியும் பிடித்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து 4-வது துளையும் 5-வது துளையும்தான் வேண்டியவை. பழைய எஸ்எம்பிஎஸ்களில் 4-வது பச்சை வயர், 5-வது கறுப்பு. இப்போது வருபவற்றில் எல்லாமே கறுப்பு, அதனால் எண்ணித்தான் ஆக வேண்டும். வளைத்த பேப்பர் கிளிப்பை இந்த இரண்டிலும் செருகிய பிறகு கார்டை மாட்டி சுவிட்சைப் போடுங்கள்.

ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறது. அவ்வளவுதான் அர்த்தம், லோடு தாங்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. சுற்றவில்லை என்றாலும் உடனே குப்பையில் போடாதீர்கள். சூடு ஏறினால் மட்டும் ஃபேன் ஓடும்படி அமைத்த மாடல்கள் இருக்கின்றன. ஒரு கேபினட் ஃபேனை அதன் மோலெக்ஸ் கேபிளில் (பெரிய நான்கு பின் தலை) மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில், 3.3 வோல்ட் லைன் 3.14-க்கும் 3.47-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இதற்கு வெளியே போனால் மாற்ற வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. மாடுலர் (கேபிள்களைப் பெட்டியிலிருந்து தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அதன் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கேபிள் புதிய பெட்டியில் செருகிக்கொள்ளும், ஆனால் பெட்டிப் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க்குகள் கருகுவது இப்படித்தான்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் டிஸ்ப்ளே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான், காரணங்களும் இதில்தான் அதிகம். மானிட்டர் வயரிலிருந்து தொடங்குவோம். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் வயர் கார்டில் மாட்டியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. ஐ5-12400எஃப் போல இன்டெலில் எஃப் என்று முடியும் ப்ராசஸர்களிலும், ரைசன் 5 5600 போல ஜி என்ற எழுத்து இல்லாத 5000 வரிசையிலும் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. அவற்றில் மதர்போர்டு எச்டிஎம்ஐயில் வயரை மாட்டிவிட்டு எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது. மானிட்டரின் இன்புட் தேர்வு டிஸ்ப்ளே போர்ட்டிலா எச்டிஎம்ஐயிலா என்றும் பாருங்கள்.

இப்போது மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் தெரிகின்றனவா? பக்கத்தில் சிபியூ (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து கிளம்புவது) என்று எழுதியிருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் போர்டு திணறுகிறது. விளக்கு இல்லாத விலை குறைந்த போர்டு என்றால் கோளாறை பீப் சத்தத்தால் சொல்லும் சிறு ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள்.

சிபியூ விளக்கு நின்றால் போர்டின் மேல் இடது மூலையைப் பாருங்கள். அங்கே ப்ராசஸருக்கென்று தனி 8 பின் கேபிள் போக வேண்டும். 24 பின்னை மட்டும் மாட்டிவிட்டு இதை மறப்பது மிகச் சாதாரணம். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், வேறு ஒன்றும் நடக்காது. அந்த கேபிள் நான்கு நான்காகப் பிரியும். ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கானது. இரண்டிலும் 12 வோல்ட் இருக்கும் பக்கம் தலைகீழ், அதனால் பிளாஸ்டிக் வடிவம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அழுத்தாதீர்கள்.

கேபிள் சரியாக இருந்தும் அதே விளக்கு நின்றால், போர்டுக்கு அந்த ப்ராசஸரே தெரியாமல் இருக்கலாம். 600 வரிசை இன்டெல் போர்டில் 13-ஆம் தலைமுறை ப்ராசஸர், பி450 போர்டில் ரைசன் 5000 போன்ற ஜோடிகளுக்குப் புதிய பயாஸ் தேவை. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கும் போர்டு என்றால் ப்ராசஸர் இல்லாமலே, ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவிலிருந்து ஏற்றிவிடலாம். கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றாவிட்டால் அது படிக்காது.

டிராம் விளக்கு நின்றால் அவசரப்பட வேண்டாம், முக்கியமாக டிடிஆர்5 போட்ட புது கம்ப்யூட்டரில். ஏஎம்5 போர்டுகள் (ரைசன் 7000 முதல் வந்த வகை) முதல் தடவை ஆன் செய்யும்போது ராமோடு பேசிப் பழகும். திரை கறுப்பாகவே இருக்கும், சில நிமிடங்கள் ஆகும். நான்கு குச்சி போட்டிருந்தால் இன்னும் நீளும். பாதியில் கரண்டை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. பயாஸ் அப்டேட் செய்தாலும் செல்லைக் கழற்றினாலும் இதே கதைதான். பத்து நிமிடம் விட்டு வையுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் ராமைக் கழற்றி மாட்ட வேண்டும். இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. கேபினட்டைப் படுக்க வையுங்கள். ஸ்லாட்டின் இரண்டு பக்கக் கொக்கியையும் திறந்து குச்சியை நேராக மேலே எடுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும். தங்க நிறக் கால்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கலான படலமோ விரல் ரேகையோ தெரியும். வெள்ளை அழிரப்பரால் இரண்டு பக்கமும் மென்மையாக ஓரிரு முறை ஒரே திசையில் தேய்த்து, தூளை நன்றாகத் துடைத்துவிடுங்கள். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு இந்தப் படலம் சீக்கிரம் பிடிக்கும். மாதாமாதம் தேய்க்கக் கூடாது, தங்கப் பூச்சு மெல்லியது. மாட்டும்போது குச்சியின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கட்டை விரலால் இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். கொக்கி தானாக மேலே வந்து டக்கென்று பூட்ட வேண்டும். நீங்களாகக் கொக்கியைத் தள்ளிப் பூட்டினால் குச்சி முழுதாக இறங்கியிருக்காது. பயந்து பயந்து அழுத்துவதால்தான் பாதிப் பேருக்கு டிஸ்ப்ளே வருவதில்லை.

முதலில் ஒரே குச்சியை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணி 2-வது ஸ்லாட்டில் போடுங்கள். கிளம்பினால் அதை எடுத்துவிட்டு அடுத்த குச்சியை அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஒன்றில் கிளம்பி மற்றதில் கிளம்பாவிட்டால் கெட்டது குச்சி. இரண்டு குச்சியும் ஒரு ஸ்லாட்டில் கிளம்பி இன்னொரு ஸ்லாட்டில் மட்டும் கிளம்பாவிட்டால் ஸ்லாட்டிலோ ப்ராசஸர் பின்னிலோ கோளாறு. கடைசியில் இரண்டையும் 2-வதிலும் 4-வதிலும் போட வேண்டும். 1-இலும் 3-இலும் அல்ல. பெரும்பாலான போர்டுகளில் கம்பித் தடம் முதல் ஸ்லாட்டைக் கடந்து இரண்டாவதில் முடியும். முடியும் இடத்தில் குச்சி இல்லாவிட்டால் சிக்னல் அங்கே மோதித் திரும்பும், வேகம் கூடினால் தகராறு வரும்.

விஜிஏ விளக்கு என்றால் கார்டைக் கழற்றி அழுத்தி மாட்டி, பவர் கேபிளை முழுதாகச் செருகிப் பாருங்கள். ஸ்லாட் தருவது 75 வாட்ஸ், ஒவ்வொரு 8 பின்னும் 150 வாட்ஸ். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குவதை வைத்துப் பெரிய கார்டுக்குப் பவர் கொடுக்காமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி கேபிள் இழுங்கள். புதிய 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாத அளவு செருக வேண்டும், தலைக்குப் பக்கத்திலேயே வளைக்கக் கூடாது. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியதற்கு முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம், முழுதாகச் செருகாததுதான்.

எதற்கும் மசியவில்லை என்றால் பயாஸ் அமைப்பை அழியுங்கள். பவர் கார்டைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை எடுத்து ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். எடுத்த கையோடு செல்லை அளந்து பாருங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போவதும் இந்தச் செல்லால்தான்.

அதன் பிறகு போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். ப்ராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், டிஸ்ப்ளேக்கு ஒரு வழி, இவ்வளவு மட்டும் போதும். வெளியே கிளம்பி உள்ளே கிளம்பாவிட்டால், போர்டுக்குப் பின்னால் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை நட்டு நின்று ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். கேபினட்டில் நட்டு இருக்கும் இடமும் போர்டில் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அணைவது

எப்படி அணைகிறது என்பதைக் கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். கேம் தொடங்கியதும் பட்டென்று அணைந்து, எஸ்எம்பிஎஸ் பின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி கிளம்புகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்பைப் போட்டுக்கொண்டுவிட்டது: வாட்ஸ் போதவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். ஐந்து பத்து நிமிடம் மெதுவாகத் திணறி அணைந்தால் சூடு.

எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு சூட்டைப் பாருங்கள். இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான மாடல்களுக்கு வரம்பு 95. முழு லோடில் அது 95-இல் நிற்பது வடிவமைப்பே, கோளாறு அல்ல. சும்மா இருக்கும்போதே 80-க்கு மேல் போனால் கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டுக்குப் பின்னால் வெளியே வராமல் இருப்பதுதான் வழக்கமான குற்றவாளி. கூலர் அடியில் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியவர்களும் உண்டு. பேஸ்ட் பட்டாணி அளவு போதும். ஏஎம்4 (ரைசன் 5000 வரையிலான) போர்டில் கூலரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரை ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். குளிர்ந்த பேஸ்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுற்றினால் பேரிங் போகும்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வ்யூவரில் கெர்னல் பவர் 41 என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். "ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை" என்பதைத் தவிர அந்த வரி எதுவும் சொல்வதில்லை. பாகங்களின் கோளாறைப் பதியும் டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற பெயரில் 18-ஆம் எண் பதிவு இருந்தால்தான் பொருட்படுத்த வேண்டும். அதில் வரும் ப்ராசஸர் ஐடி ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணாக இருந்தால், ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே எண் வந்தால் அந்தக் கோர் போய்விட்டது.

ப்ளூ ஸ்கிரீன் வேளைக்கு ஒரு பெயரில் வந்தால் முதல் சந்தேகம் ராம். பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரு எரர் வந்தாலும் எரர்தான், "ஒண்ணே ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. வந்தால் பயாஸில் ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எரர் மறைந்தால் குச்சி கெடவில்லை, வேகம் தாங்கவில்லை. ரைசன் 7000-க்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் ராம் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு வெறும் 3600. நான்கு குச்சி போட்டு 6000-இல் ஓட்டுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கிராபிக்ஸ் கார்டில் தாராளமாக மெமரி இருந்தும் கேம் "வீடியோ மெமரி போதவில்லை" என்று விழுந்தால், கார்டை விட்டுவிட்டு ப்ராசஸரைப் பாருங்கள். தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கியதால் இந்த ப்ராசஸர்கள் உள்ளே தேய்ந்தன. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் அதற்கு மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் மென்பொருள்) திருத்தம் விட்டது, பயாஸ் அப்டேட்டில் அது வரும். ஏற்கெனவே தேய்ந்ததை அந்தத் திருத்தம் மீட்காது. ஆனால் தனிப் பெட்டியில் விற்ற, பாதிக்கப்பட்ட ப்ராசஸர் மாடல்களுக்கு வாரண்டி இரண்டு வருடம் நீட்டப்பட்டு ஐந்து வருடமாகியிருக்கிறது, பில்லை எடுத்துப் பாருங்கள்.

டிஸ்க் தெரியவில்லை என்றால்

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஹார்ட் டிஸ்க்கின் பழுதான இடங்களை எண்ணும் 05, சி5, சி6 வரிகள் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் செய்யும் முன் போட்டோக்களை வெளியே எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை, அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். புதிய கேபிள் போட்டால் ஏறுவது நிற்கும், பழைய எண் மட்டும் அப்படியே இருக்கும். புதிதாக எம்.2 (போர்டிலேயே செருகும் மெல்லிய எஸ்எஸ்டி) மாட்டியதும் பழைய டிஸ்க் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. எந்த போர்ட் அணையும் என்று கையேட்டில் அட்டவணை இருக்கும், வேறு போர்ட்டில் மாற்றிவிடுங்கள்.

கெட்ட பாகம் எது என்று தெரிந்துவிட்டதா? மதர்போர்டு என்றால் கடைக்குக் கொண்டுபோகும் முன் ப்ராசஸரை எடுத்துவிட்டு, சாக்கெட் பின்களைப் போன் டார்ச் வெளிச்சத்தில் நெருக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். போர்டோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் மேலே போடுங்கள். பின் வளைந்திருந்தால் வாரண்டி கிடையாது, யார் கையில் வளைந்தது என்ற பேச்சு அங்கே எடுபடாது. ராம் என்றால் ஜோடியில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அவை திரும்பி வரும்வரை ஓட்ட ஒரு 8 ஜிபி குச்சியை இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.